விரலில் குறை தேடுவதற்கு முன்: கிற்றார் பழகத் தொடங்கியவருக்கான பிழை நீக்கும் வழிமுறை

திருகோணமலை உப்புவெளியில் மாலை நேரங்களில் அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கும், வேலை முடிந்து வரும் சில பெரியவர்களுக்கும் கிற்றார் பழக்கி வருகிறேன். பழகத் தொடங்கி இரண்டு மாதம் ஆவதற்குள் அவர்களில் பலர் ஒரே முறைப்பாட்டோடு வந்து நிற்பார்கள்: "அண்ணா, எனக்கு விரல் கட்டை, இது சரிவராது." நான் விரலைப் பார்ப்பதில்லை. அவர்கள் கொண்டுவந்த கிற்றாரை வாங்கி வாசித்துப் பார்ப்பேன். பெரும்பாலான தடவைகளில் எனக்கும் அது சரிவருவதில்லை.

ஆகவே இந்த வழிமுறை ஓர் ஒழுங்கைப் பிடித்துச் செல்கிறது. குறை எதுவானாலும் முதலில் சுருதியையும், அடுத்துக் கருவியையும், அதன்பின் இடக்கையையும், பிறகு வலக்கையையும், கடைசியாகத் தேர்ந்தெடுத்த பாட்டையும் சோதிக்க வேண்டும். சுருதி கலைந்த கிற்றாரில் விரலைத் திருத்தப் போனால், சரியாக இருந்த விரலையும் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சமாகும். கம்பிகளில் மிக மெல்லியது 1, மிகத் தடித்தது 6 என்று கொள்க. கழுத்தின் குறுக்கே பதிக்கப்பட்டிருக்கும் உலோகக் கோடுகளை ஃபிரெட் என்பார்கள். வீணையில் மெட்டு என்று சொல்லப்படுவதும் அதுவே.

"விரல்கள் படத்தில் உள்ளபடிதான் இருக்கின்றன, ஆனாலும் கேட்க நன்றாக இல்லை"

கோர்ட் (பல சுவரங்களை ஒருசேர ஒலிக்கவைக்கும் விரல் அமைப்பு) எதையும் பிடிக்காமல் ஆறு கம்பிகளையும் வெறுமையாக ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை அவை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று ஒலிக்க வேண்டும். கைப்பேசியில் உள்ள டியூனர் செயலி இதைக் காட்டிவிடும். ஆனால் பல செயலிகள் எழுத்தை மாத்திரமே பெரிதாகக் காட்டுவதால், எந்த ஸ்தாயியில் நிற்கிறோம் என்பது புதியவருக்குத் தெரிவதில்லை. 6ஆம் கம்பிக்கும் 1ஆம் கம்பிக்கும் எழுத்து ஒன்றுதான்; ஆனால் முன்னது 82.4 ஹேர்ட்ஸிலும் பின்னது அதன் நான்கு மடங்கான 329.6 ஹேர்ட்ஸிலும் ஒலிக்கின்றன, அதாவது இடையில் முழுதாக இரண்டு ஸ்தாயிகள் உள்ளன. நன்கு தளர்ந்துபோன கம்பியை முறுக்குபவர், உரிய சுவரத்தைக் கவனிக்காமல் கடந்துவிட்டு, அடுத்த ஸ்தாயியில் அதே எழுத்தைத் தேடி மேலும் முறுக்குவதுண்டு. எழுத்து வருவதற்கு முன் கம்பி அறுந்துவிடும். முறுக்காணி வழக்கத்தை விடக் கனக்கத் தொடங்கினால் உடனே நிறுத்தி, கம்பியை நன்றாகத் தளர்த்திவிட்டுக் கீழிருந்து மீண்டும் ஏறி வாருங்கள். அறையில் மின்விசிறி ஓடினால் அதையும் நிறுத்திவிடுங்கள். கைப்பேசியின் ஒலிவாங்கிக்கு விசிறியின் இரைச்சலும் ஒரு சுவரம்தான்.

செயலி சொன்னதைக் காதால் ஒருமுறை உறுதிசெய்வது நல்லது. 6ஆம் கம்பியை 5ஆம் ஃபிரெட்டில் அழுத்தித் தட்டினால் அது வெறுமையான 5ஆம் கம்பியோடு ஒத்து ஒலிக்க வேண்டும். இவ்வாறே 5இலிருந்து 4க்கும், 4இலிருந்து 3க்கும் போகலாம். 3ஆம் கம்பியை மாத்திரம் 4ஆம் ஃபிரெட்டில் அழுத்தி 2ஆம் கம்பியோடு ஒப்பிட வேண்டும். பின்னர் 2ஆம் கம்பியை மீண்டும் 5ஆம் ஃபிரெட்டில் அழுத்தி 1ஆம் கம்பியோடு ஒப்பிடலாம்.

வெறுங்கம்பிகள் யாவும் சரியாக இருந்தும் கோர்ட் மட்டும் கோணலாக ஒலித்தால், நீங்கள் கம்பியைத் தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள், அல்லது அழுத்தும்போது பக்கவாட்டில் இழுக்கிறீர்கள். இரண்டிலும் சுருதி ஏறிவிடும். அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, கம்பி ஊமையாகும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று மேலே நின்றால் போதும். இதனாலும் தீராவிட்டால் கம்பியின் சரிபாதியான 12ஆம் ஃபிரெட்டுக்குப் போங்கள். அந்த உலோகக் கோட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டபடி தட்டினால் மணி போன்ற ஒலி எழும். அதே இடத்தில் அழுத்தித் தட்டும்போது வரும் சுவரமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் கம்பி பழுதாகியிருக்கலாம், அல்லது கம்பி கழுத்திலிருந்து அதிக உயரத்தில் நிற்கலாம். விரல் இதில் குற்றவாளி அல்ல.

"நேற்றுச் சேர்த்த சுருதி இன்று காலையில் இல்லை"

புதிய கம்பி பூட்டியிருந்தால் இது இயல்பு. ஒவ்வொரு கம்பியையும் நடுவில் பிடித்து மெதுவாக மேலே இழுத்துவிட்டு, மீண்டும் சுருதி சேர்த்து, இதை நான்கைந்து முறை செய்தால் கம்பி படிந்துவிடும். பழைய கம்பியும் இப்படி நழுவினால் நீங்கள் சுருதி சேர்க்கும் திசையைக் கவனியுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்திய சுருதி முறுக்காணியின் பற்களுக்கிடையே உள்ள தளர்வினால் மேலும் கீழே போகும். எப்போதும் கீழே இறங்கி, அங்கிருந்து ஏற்றியே நிறுத்த வேண்டும்.

இவை இரண்டும் இல்லையென்றால் காலநிலைதான் காரணம். வெயில் பட்டுக் கம்பி சூடேறினால் அது நீண்டு சுருதி இறங்கும். மரம் ஈரத்தை உறிஞ்சினால் ஊதிச் சுருதி ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மாரி தொடங்கும்போதும், ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போதும் (கொறிக்கும் கச்சானைச் சொல்லவில்லை, மேற்கிலிருந்து வரும் அந்த அனல் காற்றைச் சொல்கிறேன்) ஒரே கிற்றார் இரண்டு கிற்றார்களாக நடந்துகொள்ளும். அந்த நாட்களில் வாசிக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் சுருதி சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. முச்சக்கர வண்டியின் பின்னிருக்கையில் மத்தியான வெயிலில் கிற்றாரை விட்டுச் செல்வது சுருதிக்கு மாத்திரமல்ல, குதிரையை, அதாவது மேற்பலகையில் கம்பிகளைத் தாங்கும் கட்டையை, ஒட்டியிருக்கும் பசைக்கும் கூடாது.

"வாசித்து முடித்தால் விரல் கறுக்கிறது, ஒலி மங்கிவிட்டது"

ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. அதை மறந்து என் முதல் கிற்றாரைக் கடல் பார்த்த சுவரில் அழகுக்காகத் தொங்கவிட்டேன். மூன்று வாரத்தில் கம்பிகள் துருப்பிடித்து, சறுக்க வேண்டிய இடத்தில் விரலைப் பிராண்டின. உப்பங்காற்றில் உருக்குக் கம்பிக்கு இதுதான் கதி. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும், அதன் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். கிற்றாரை உறையிலிட்டு உள்ளறைச் சுவரோரம் வையுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை எறியாமல் உறைக்குள் போட்டுவிடுங்கள். துருப்பிடித்த கம்பியைத் தேய்த்துத் துலக்குவதில் பயனில்லை. ஆறையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும்.

"ஒரு கம்பி மட்டும் பேசவில்லை"

கோர்ட்டைப் பிடித்தபடி, ஆறையும் ஒன்றாக வருடாமல், தனித்தனியாகத் தட்டுங்கள். எது 'டொக்' என்று செத்து விழுகிறதோ அந்தக் கம்பியில் கண்ணை வையுங்கள். அதை அழுத்தும் விரல் ஃபிரெட்டுக்கு வெகுதூரம் பின்னால் நிற்கலாம். உலோகக் கோட்டை ஏறக்குறைய உரசும் இடத்துக்கு விரலை முன்னகர்த்தினால் பாதி அழுத்தமே போதுமாகிவிடும். அல்லது அந்தக் கம்பியை யாரும் அழுத்தவே இல்லை, அயலில் நிற்கும் விரல் சாய்ந்து அதைத் தொடுகிறது. சி கோர்ட்டில் 2ஆம் கம்பியை அழுத்தும் ஆட்காட்டி விரல் 1ஆம் கம்பியின் மேல் சாய்வதும், டி கோர்ட்டில் மோதிர விரல் அதே 1ஆம் கம்பியை மூடிவிடுவதும் நான் நாள்தோறும் காண்பவை. விரலின் கடைசி மூட்டை மடக்கி நுனியில் நிறுத்தினால் இது தீரும். நுனியில் நிறுத்த முடியவில்லை என்றால் நகத்தைப் பாருங்கள். இடக்கை நகம் சதையைத் தாண்டி வளர்ந்திருக்கும் வரை எந்த அறிவுரையும் பலிக்காது.

"கம்பி இரைகிறது"

இரைச்சல் எங்கே எழுகிறது என்பதைக் கண்டறிந்தால் காரணம் தானாகவே தெரியவரும். கம்பியை வெறுமையாகத் தட்டும்போது மாத்திரம் இரைந்து, அழுத்தினால் நின்றுவிட்டால், கழுத்தின் தலைப்பில் கம்பி அமரும் வெட்டு தேய்ந்து ஆழமாகியிருக்கிறது. ஓரிடத்தில் அழுத்தும்போது மாத்திரம் இரைந்தால், அதற்கு அடுத்த ஃபிரெட் சற்று உயர்ந்து நிற்கிறது. எங்கே அழுத்தினாலும் இரைந்தால், கம்பி கழுத்தோடு மிகவும் தாழ்ந்துவிட்டது. கச்சான் காலத்தில் மரம் உலர்ந்து மேற்பலகை சற்று அமுங்குவதால் இது வரும், மாரியில் பலகை எழும்பத் தானே மறைந்தும் போகும். ஆகவே ஆடி மாதத்தில் எழும் இரைச்சலுக்காக அவசரப்பட்டு எதையும் அராவிவிடாதீர்கள். கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைத் திருப்பித் திருத்துவது தெரிந்தவரின் வேலை. அவரும் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பமாட்டார். நைலோன் கம்பிக் கிற்றார்கள் பலவற்றில் அந்தத் தண்டே இருப்பதில்லை. இவை எல்லாவற்றுக்கும் முன்னர் உங்கள் சட்டைப் பொத்தான் கிற்றாரின் முதுகில் உரசுகிறதா என்று பாருங்கள். ஒரு பொத்தானுக்காக நான் அரைமணி நேரம் ஃபிரெட்டுகளை ஆராய்ந்திருக்கிறேன்.

"விரல் வலி தாங்க முடியவில்லை"

நுனி விரலில் எரிவு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். சில வாரங்களில் தோல் தடித்துவிடும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிப்பதை விட, பத்து நிமிடமாக நாளுக்கு மூன்று தடவை வாசிப்பது தோலுக்கும் நல்லது, நினைவுக்கும் நல்லது. கடலில் குளித்து வந்த கையோடு உட்காராதீர்கள். ஊறிய தோல் கம்பியில் வெட்டுப்படும். மணிக்கட்டிலோ பெருவிரலின் அடியிலோ வலித்தால் அது பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி அல்ல. கழுத்தை முஷ்டியாகப் பிடித்து நசுக்குகிறீர்கள் என்று பொருள். அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் பெருவிரலைக் கழுத்தின் பின்னால் நடுவிரலுக்கு நேரே தளர்வாக வைத்துத் தொடங்குங்கள்.

கருவியையும் அளக்க வேண்டும். 12ஆம் ஃபிரெட்டின் உச்சியிலிருந்து 6ஆம் கம்பியின் அடிவரை உள்ள இடைவெளி, உருக்குக் கம்பிக் கிற்றாரில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றராகவும், நைலோன் கிற்றாரில் நான்கு மில்லிமீற்றர் அளவிலும் இருந்தால் வாசிக்கலாம். உருக்குக் கம்பி நான்கைத் தாண்டி நின்றால் அனுபவசாலிக்கும் கை நோகும். திருத்துவிக்கும் வரை ஒரு தற்காலிக வழி உண்டு: ஆறு கம்பிகளையும் அரைச் சுவரம் (ஒரு ஃபிரெட் அளவு) இறக்கிவிட்டு, 1ஆம் ஃபிரெட்டில் கப்போவை, அதாவது கழுத்தின் குறுக்கே எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வியை, பூட்டுங்கள். சுருதி பழைய இடத்துக்கே வந்துவிடும், கம்பியோ இளகித் தாழ்ந்திருக்கும். வலிக்குப் பரிகாரமாக உருக்குக் கிற்றாருக்கு நைலோன் கம்பியைப் பூட்டினால் ஒலி சரியாக எழாது. மறுபக்கமாக, நைலோன் கிற்றாருக்கு உருக்குக் கம்பி பூட்டினால் அந்த இழுவிசையைத் தாங்காமல் குதிரை பலகையோடு பெயர்ந்து வரக்கூடும். கம்பி வாங்கும்போது எந்த வகைக் கிற்றார் என்பதைக் கடையில் சொல்லியே வாங்குங்கள்.

"கோர்ட் மாற்றும் ஒவ்வொரு இடத்திலும் பாட்டு நின்றுவிடுகிறது"

புதியவரின் முறைப்பாடுகளில் உண்மையாகவே கையைச் சேர்ந்தது இதுதான். இங்கேயும் விரலின் வேகத்தைக் குறை சொல்வதற்கில்லை. பயணம் நீளமாக இருப்பதுதான் காரணம். நான்கு விரல்களையும் கம்பியிலிருந்து முழுதாகத் தூக்கி, வானத்தில் ஒரு கணம் யோசித்து, ஒவ்வொன்றாக இறக்குபவருக்கு எத்தனை மாதம் பழகினாலும் மாற்றம் பிந்தியே வரும். எந்த விரல் அசையத் தேவையில்லை என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏ மைனரிலிருந்து சி கோர்ட்டுக்குப் போகும்போது ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மோதிர விரல் மாத்திரம் 3ஆம் கம்பியை விட்டு 5ஆம் கம்பியின் 3ஆம் ஃபிரெட்டுக்குப் போகிறது. ஈ மேஜரும் ஏ மைனரும் ஒரே உருவம். மூன்று விரல்களையும் கலையாமல் ஒரு கம்பி கீழே இறக்கினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். ஜி கோர்ட்டில் 2ஆம் கம்பியின் 3ஆம் ஃபிரெட்டில் மோதிர விரலையும், 1ஆம் கம்பியின் 3ஆம் ஃபிரெட்டில் சிறுவிரலையும் வைத்துப் பழகியவர் டி கோர்ட்டுக்குப் போகும்போது மோதிர விரலைத் தூக்கவே வேண்டியதில்லை. படத்தில் ஜி கோர்ட்டை மூன்று விரலால் காட்டியிருந்தாலும், பாட்டுக்கு உதவுவது இந்த நான்கு விரல் ஜிதான் என்பது என் கருத்து.

இரண்டு கோர்ட்டுகளை மட்டும் எடுத்து, ஒரு நிமிடத்துக்குள் எத்தனை தடவை மாற்ற முடிகிறது என்று எண்ணி, நாட்காட்டியில் அன்றைய தேதிக்குக் கீழே எழுதி வாருங்கள். தெளிவாக முப்பது தடவை மாற வந்துவிட்டால் மெதுவான பாட்டு ஒன்றில் அந்த இரண்டும் நிற்காமல் ஓடும். அதுவரை ஒரு சலுகை எடுத்துக்கொள்ளலாம்: மாற்றத்துக்கு முந்திய கடைசி அடியில் இடக்கையை முன்கூட்டியே எடுத்துவிட்டு, வலக்கை வெறுங்கம்பிகளை வருடட்டும். கேட்பவர் காதில் அது பெரிதாக உறுத்தாது. வலக்கை நின்றுபோனால் மாத்திரம் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

எப் கோர்ட்டில் முட்டிக்கொண்டு கிற்றாரையே விட்டவர்களை எனக்குத் தெரியும். ஆட்காட்டி விரலால் ஆறு கம்பிகளையும் அடைத்துப் பிடிக்கும் அந்த வடிவம் முதல் ஆண்டுக்கு உரியதே அல்ல. 4ஆம் கம்பியில் 3ஆம் ஃபிரெட், 3ஆம் கம்பியில் 2ஆம் ஃபிரெட், 2ஆம் கம்பியில் 1ஆம் ஃபிரெட் என்று மூன்று விரலை வைத்து, 1ஆம் கம்பியை வெறுமையாக விட்டு, அந்த நான்கு கம்பிகளை மாத்திரம் வருடினால் எப் மேஜர் செவன் கிடைக்கும். எளிய பாட்டுகளில் அநேகமாக எப் வரும் இடத்தில் அது உறுத்தாமல் அமர்ந்துகொள்ளும்.

"கோர்ட்டுகள் சரி, ஆனால் பாட்டைப் போலவே இல்லை"

கிற்றாரைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டைக் கேட்டுக் கைதட்டுங்கள். நான்காக எண்ண வருகிறதா, ஆறாக எண்ண வருகிறதா? நம் பக்கத்துத் திருமண வீடுகளில் ஒலிக்கும் பைலா ஆறு எண்ணிக்கையில் ஓடுவது. முதலாம் எண்ணிலும் நான்காம் எண்ணிலும் கனம் விழும். போர்த்துக்கேயர் காலத் தொடர்பில் பிறந்து, திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பறங்கியர் வீடுகளில் வயலினோடும் கிற்றாரோடும் வாழ்ந்த இசை அது. இரண்டு மூன்று கோர்ட்டுகளோடு முடிந்துவிடுவதால் புதியவருக்கு மிகவும் உகந்தது. ஆனால் நான்கு கீழ்வருடலாகப் பழகிய கையோடு அதற்குள் நுழைந்தால், கோர்ட் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஆட எழுந்தவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்றால் வலக்கை இடையிடையே ஓய்வெடுக்கிறது. கை கீழும் மேலுமாகக் கடிகார ஊசல் போல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒலி வேண்டாத இடத்தில் கையை நிறுத்தாமல், கம்பியைத் தொடாமல் காற்றில் கடந்து போக வேண்டும். தாளம் போடத் தெரிந்த வீட்டார் யாராவது அருகில் இருந்து தொடையில் தட்டிக் கொடுத்தால் மெட்ரோனோம் என்ற தாளக் கருவி தேவைப்படாது.

"தனியாக வாசித்தால் சரி, யாராவது பாடினால் ஒட்டவில்லை"

நத்தார் காலத்தில் வீடு வீடாகப் போகும் கரோல் குழுவுக்கு வாசிக்க அழைக்கப்பட்ட என் மாணவன் ஒருவன், ஒரு மாதம் ஜி கோர்ட்டில் ஒத்திகை பார்த்திருந்தான். முதல் வீட்டு முற்றத்தில் பாடகர்கள் உற்சாகத்தில் அதைவிட உயரத்தில் எடுத்துவிட்டார்கள். அவனுக்கு அன்று தேவைப்பட்டது கப்போவும், கட்டைக் கணக்கும்தான்.

விரல் கட்டை என்று வருந்துவோருக்கு இந்தக் கட்டை உதவும். ஹார்மோனியத்தோடு பாடிப் பழகியவரிடம் எத்தனை கட்டை, அதாவது எந்தச் சுருதியில் பாடுகிறார் என்று கேட்டால் உடனே சொல்வார். ஒன்று என்றால் சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை என்பவை இடையில் வரும் கறுப்புக் கட்டைகள். கப்போ ஒரு ஃபிரெட் ஏறினால் சுருதி அரைச் சுவரம் ஏறும். ஆகவே ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்குரலுக்கு 1ஆம் ஃபிரெட்டில் கப்போவைப் பூட்டி ஜி குடும்பத்து உருவங்களை வாசிக்கலாம். நாலரைக்கு 4ஆம் ஃபிரெட்டில் டி குடும்பம். இரண்டரைக்கு 3ஆம் ஃபிரெட்டில் சி குடும்பம். குடும்பம் என்று நான் சொல்வது ச, ம, ப என்ற மூன்று சுவரங்களின் மேல் கட்டப்பட்ட கோர்ட்டுகளை. ஜியை ச என்று வைத்தால் ம சி ஆகவும் ப டி ஆகவும் வரும். டியை ச என்று வைத்தால் ஜியும் ஏயும் வரும். ஒவ்வொரு கோர்ட்டும் தன்னளவில் ச, க, ப தான். க உயர்ந்த அந்தர காந்தாரமாக இருந்தால் மேஜர், அதைவிட அரைச் சுவரம் தாழ்ந்த சாதாரண காந்தாரமாக இருந்தால் மைனர்.

இவ்வளவு செய்தும் ஒரு பாட்டு ஒட்ட மறுத்தால் அந்தப் பாட்டு கமகத்தால் நடப்பதா என்று பாருங்கள். சுவரங்களுக்கிடையே வளைந்து வளைந்து போகும் மெட்டுக்குக் கீழே அசையாத கோர்ட் ஒன்றை விரிப்பது, தேர்ந்தவருக்கே கடினமான வேலை. அதை ஒதுக்கிவைத்துவிட்டு, நேர்ச் சுவரங்களில் நடக்கும் தேவாலயப் பாடல், பள்ளிக்கூடக் குழுப்பாடல், பைலா என்று தொடங்குங்கள்.

"ஆறு மாதமாகிவிட்டது, ஒரு பாட்டும் முழுதாக வரவில்லை"

எத்தனை பாட்டுகளைத் தொடங்கினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பத்துப் பாட்டின் பல்லவி தெரிந்து, ஒன்றின் சரணமும் தெரியாமல் நிற்பவரே என்னிடம் அதிகம் வருகிறார்கள். மூன்று கோர்ட்டுக்கு மேற்படாத ஒரு பாட்டை எடுத்து, சொற்களைத் தாளில் எழுதி, கோர்ட் மாறும் எழுத்துக்கு நேர் மேலே அதன் பெயரைக் குறித்து, அந்தத் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். பிழை விட்டால் திரும்பித் தொடக்கத்துக்குப் போகாமல், அந்தப் பிழையோடே கடைசி வரி வரை வாசித்து முடித்துவிட்டு எழும்புங்கள். மறுநாள் உட்காரும்போது பிழை விழுந்த அந்த வரியிலிருந்து தொடங்குங்கள்.